முதுகில் ஏறிய தண்ணீர்

ஒரு கருவியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதைக் கண்டுபிடித்தவரிடமிருந்தே தொடங்குவர். நெடுந்தொலைவு ஓடுவோரும் மிதிவண்டிப் பந்தய வீரர்களும் இன்று முதுகிலும் இடுப்பிலும் அணிந்து செல்லும் நீர்ப்பையின் வரலாற்றை அவ்விதம் தொடங்கினால், அது பிழையான இடத்தில் தொடங்கிவிடும். ஏனெனில் உடலில் நீரைத் தொங்கவிட்டுக்கொண்டு வெயிலில் நடப்பது மனிதனுக்குப் புதிதன்று. விளையாட்டுக்குள் மட்டும் அது ஏன் இத்தனை தாமதமாக, 1980களின் இறுதியில் வந்து சேர்ந்தது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கான விடை தோலிலோ ரப்பரிலோ நெகிழியிலோ இல்லை. தாகம் என்பதைப் பற்றி மனிதர்கள் கொண்டிருந்த எண்ணங்களில் இருக்கிறது.

சுரைக்குடுக்கையும் தோற்பையும் பல நாகரிகங்களில் உண்டு. ஸ்பெயின் நாட்டு இடையர்கள் ‘போட்டா’ என்னும் தோற்பையில் திராட்சை மதுவைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறினார்கள். வட இந்தியாவின் பிஷ்திகள் முழு ஆட்டுத்தோலால் ஆன ‘மஷக்’கை முதுகில் சுமந்து படைகளுக்கும் ஊர்களுக்கும் நீர் வார்த்தார்கள். 1539இல் சௌசாப் போரில் ஷேர் கானிடம் தோற்றுக் கங்கையில் மூழ்கவிருந்த ஹுமாயூனைக் காற்று நிரப்பிய மஷக்கின் துணைகொண்டு கரைசேர்த்தவர் ஒரு பிஷ்தி என்றும், நன்றிக்கடனாகப் பேரரசர் அவரைச் சிறிது பொழுது அரியணையில் அமர்த்தினார் என்றும் முகலாய வரலாறு பேசுகிறது.

நம்முடைய கலித்தொகையிலும் ஒரு காட்சி உண்டு. உடன்போக்கில் சென்றுவிட்ட மகளைத் தேடிவரும் செவிலி, பாலைவழியில் எதிர்ப்படும் அந்தணர்களிடம் அவளைக் கண்டீர்களா என்று கேட்கும் பாடலைத் தமிழ் பயின்றோர் மறந்திருக்க மாட்டார்கள். வெயிலைத் தாங்கும் குடையின் நிழலில், உறியிலிருந்து தாழ்ந்து தொங்கும் கரகத்தையும் முக்கோலையும் தோளில் சுமந்தபடி அவர்கள் வருகிறார்கள். சந்தனமும் முத்தும் யாழின் இசையும் பிறந்த இடத்துக்குப் பயன்படாதது போல மகளும் என்று அவர்கள் சொல்லும் உவமைகளை வகுப்பறையில் விரிவாகப் பேசுகிறோம். உறியில் தொங்கும் அந்தக் கரகத்தின் அருகில் யாரும் நிற்பதில்லை. கொடுவெயிலில் நெடுவழி நடப்பவன் தன் நீரைத் தானே தோளில் சுமப்பான் என்பது அப்புலவருக்கு விளக்கம் தேவைப்படாத உண்மை. இருபதாம் நூற்றாண்டின் விளையாட்டு அதிகாரிகளுக்கோ அது விதிமீறல்.

*

1904 ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் மாரத்தான். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. முன்னால் சென்ற மோட்டார் வண்டிகள் கிளப்பிய புழுதி ஓடுவோரின் நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருந்தது. வழிநெடுகிலும் நீர் கிடைத்தது இரண்டே இடங்களில்: ஏறத்தாழ ஆறாவது மைலில் ஒரு நீர்த்தொட்டி, பன்னிரண்டாவது மைலில் சாலையோரக் கிணறு. இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. போட்டியை நடத்திய ஜேம்ஸ் சல்லிவன், நீரின்றி உடல் எவ்வளவு தாங்கும் என்று அறியும் ஆவல் கொண்டிருந்தார். ஓட்டக்காரர்கள் அறியாமலேயே அந்த ஓட்டம் ஒரு சோதனைக்கூடம் ஆயிற்று.

புறப்பட்டவர்கள் 32 பேர். ஓடி முடித்தவர்கள் 14 பேர். வில்லியம் கார்சியா என்னும் வீரர் புழுதியால் உள்ளுறுப்பில் இரத்தப்பெருக்கு ஏற்பட்டுச் சாலையில் விழுந்து கிடந்தார். வெற்றிபெற்ற தாமஸ் ஹிக்ஸ் இறுதி மைல்களில் தண்ணீர் கேட்டுக் கெஞ்சியபோது, உடன்வந்த உதவியாளர்கள் குடிக்கத் தரவில்லை. காய்ச்சி வடித்த நீரால் வாயை மட்டும் துடைத்துவிட்டார்கள். மாறாக, எட்டிக்கொட்டையின் நஞ்சான ஸ்ட்ரிக்னினை முட்டையின் வெள்ளைக்கருவோடு கலந்து கொடுத்தார்கள். பின்னர் பிராந்தியும் கொடுத்தார்கள். 3 மணி 28 நிமிடம் 53 விநாடியில் அவர் எல்லைக்கோட்டைக் கடந்தபோது, அவரைத் தாங்கிப் பிடித்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. நஞ்சை மருந்து என்றும் நீரைத் தீங்கு என்றும் கருதிய ஒரு காலத்தின் முழுச் சித்திரம் இந்த ஓட்டத்தில் இருக்கிறது.

இதை ஒரு தனிமனிதரின் கொடுமை என்று தள்ளிவிட முடியாது. நீர் குடித்தால் வயிறு கனக்கும், ஓட்டம் தளரும், மனவுறுதி குலையும் என்பது அக்காலப் பயிற்சியாளர்களின் பொதுக் கொள்கை. ‘ஓடும்போது தண்ணீர் குடிக்காதே, விலாவில் பிடித்துக்கொள்ளும்’ என்ற எச்சரிக்கையைக் கேட்டே நம்முடைய பள்ளி மைதானங்களிலும் ஒரு தலைமுறை வளர்ந்தது. தாகத்தை அடக்குவது ஆண்மையின் அடையாளமாகவும், நீர் கேட்பது பலவீனமாகவும் எண்ணப்பட்டன. நம்பிக்கை நாளடைவில் சட்டமாக உறைந்தது. சர்வதேசத் தடகளச் சம்மேளனத்தின் 1953ஆம் ஆண்டு விதிப்படி, மாரத்தானில் 15 கிலோமீட்டருக்குப் பிறகே சிற்றுணவும் பானமும் வழங்கலாம். அதுவும் அமைப்பாளர்கள் வழங்குவதை மட்டுமே அருந்தலாம்; போட்டியாளர் தாமாக எதையும் எடுத்துச் செல்லக் கூடாது.

கடைசி வரியை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். ஓடுபவன் எங்கே, எப்போது, எதைக் குடிப்பது என்பதை அவனுடைய தொண்டை முடிவு செய்யலாகாது. சாலையோர மேசையே முடிவு செய்யும் என்பதே அதன் பொருள். தண்ணீர்ப் பந்தல் அறம். ஆனால் பந்தலில் மட்டுமே குடிக்கலாம் என்பது கட்டுப்பாடு. இத்தகைய விதி இருக்கும்வரை அணிந்துகொள்ளும் நீர்ப்பையை யாரும் கண்டுபிடித்திருக்க இயலாது, கண்டுபிடித்திருந்தாலும் பயனில்லை.

*

பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் ‘டூர் தெ பிரான்ஸ்’ மிதிவண்டிப் பந்தயத்தில் நிலைமை சற்று வேறு. அங்கே ‘பிதோன்’ எனப்படும் குடுவை தொடக்கம் முதலே உண்டு. தகரத்திலும் பின்னர் அலுமினியத்திலும் ஆன அக்குடுவைகள், தக்கை மூடியுடன் கைப்பிடிக் கம்பியில் பொருத்தப்பட்டிருந்தன. ஆயினும் ஒரு நாளில் பெறக்கூடிய நீருக்கு அளவு இருந்தது. அணியின் கார்களிலிருந்து விருப்பம்போல் வாங்கிக் குடிக்கவும் நெடுங்காலம் அனுமதி இருக்கவில்லை. விளைவு நகைப்புக்குரியது. வெயில் ஏறியதும் அணித்தலைவர்களுக்காக உழைக்கும் கடைநிலை வீரர்கள் சாலையோர மதுக்கடைகளுக்குள் கும்பலாகப் பாய்ந்து, கைக்கு அகப்பட்ட புட்டிகளை அள்ளிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு மீண்டும் வண்டியேறுவார்கள். தண்ணீர், சோடா, பீர் என்று வேறுபாடில்லை. தலைவனுக்கு நீர் சுமப்பதே தொழிலாகக் கொண்ட இவ்வீரர்களை ‘நீர் சுமப்போர்’ என்றே பிரெஞ்சுக்காரர்கள் அழைத்தனர். மஷக் சுமந்த பிஷ்தி வேறு உடையில் மீண்டும் தோன்றிய இடம் இது.

1950ஆம் ஆண்டுப் பந்தயத்தில் பெர்பினியானிலிருந்து நீம் நகருக்குச் செல்லும் கட்டத்தில், அல்ஜீரிய வீரர் அப்தெல் காதர் ஸாஃப் கடும் வெயிலில் முன்னிலையில் சென்றுகொண்டிருந்தார். திடீரென நிலைகுலைந்து ஒரு மரத்தடியில் சாய்ந்தார். நினைவு திரும்பியதும் வண்டியில் ஏறி, வந்த வழியே திரும்பி ஓட்டத் தொடங்கினார். ஊரார் கொடுத்த திராட்சை மது ஏறிவிட்டது என்று செய்தி பரவியது. மது அருந்தாத இஸ்லாமியரான அவரோ, தம்மைத் தெளிவிக்க மேலே தெளித்த மதுவின் மணமே அது என்றார். குடிபோதையின் கதையாக உலகம் சிரித்துக்கொண்டே சொல்லிவந்த அந்நிகழ்ச்சி, உண்மையில் வெப்பத்தால் கலங்கிய ஓர் உடலின் கதையாகவே தோன்றுகிறது.

1952இல் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் இத்தாலியர்களுக்குக் காவியம் போன்றது. ஜென்ம எதிரிகளாகக் கருதப்பட்ட ஃபாஸ்தோ கோப்பியும் ஜீனோ பார்த்தாலியும் மலையேற்றத்தில் ஒரு குடுவையைக் கைமாற்றிக்கொள்ளும் கணம் அது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்ற விவாதம் இருவரின் மறைவுக்குப் பிறகும் ஓயவில்லை. குடுவை நிறைந்திருந்தால் இந்தப் படத்துக்கு ஒரு பொருளும் இல்லை. நீர் அரிதாக்கப்பட்ட சாலையில்தான் ஒரு குடுவை பெருந்தன்மைக்கு உருவமாக முடியும்.

அரிதாக்கப்பட்ட நீரின் மறுபக்கம் 1967 ஜூலை 13 அன்று வெளிப்பட்டது. நிழலற்ற மோன் வான்தூ மலையில் ஏறும்போது பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் சரிந்து விழுந்து இறந்தார். அவருடைய சட்டைப்பையில் ஆம்ஃபிட்டமின் குப்பிகள் இருந்தன. உடற்கூறாய்வில் அம்மருந்தும் மதுவும் தென்பட்டன. உலகம் ஊக்கமருந்தைப் பற்றிப் பேசியது, பேச வேண்டியதுதான். ஆனால் அந்த வெப்பமும் உடல் இழந்த நீரும் அம்மரணத்தின் உடன்காரணங்கள் என்பது பேச்சின் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

*

இதற்குள் அறிவியல் தன் முடிவைச் சொல்லிவிட்டிருந்தது, கேட்பதற்கே ஆளில்லை. இரண்டாம் உலகப் போரின்போது வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிட வேண்டிவந்த அமெரிக்கா, தன் வீரர்களுக்கு எவ்வளவு நீர் தேவை என்பதை அறிய விரும்பியது. ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் அடால்ஃப் தம் குழுவினருடன் கலிபோர்னியப் பாலைவனத்தில் படைவீரர்களை நடக்கவிட்டும் எடைபார்த்தும் ஆராய்ந்தார். 1947இல் நூலாக வெளிவந்த முடிவுகள் தெளிவானவை. குறைந்த நீரில் வாழ உடலைப் பழக்க முடியாது. நீரை மறுப்பதால் வியர்வை குறைவதில்லை; உடல் வறள்வதே மிச்சம். குடுவையில் மிச்சம் வைத்த நீரால் பயனில்லை, உடலுக்குள் சென்ற நீரே காக்கும். படைகள் பல காலம் போற்றிய ‘நீர் ஒழுக்கம்’ என்னும் கோட்பாடு இவ்வாறு வேரோடு சாய்ந்தது.

காரணம் எளியது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின் மீது ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வெயிலில் கடுமையாக ஓடுபவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்கக்கூடும். அந்த நீர் இரத்தத்திலிருந்தே வர வேண்டும். ஈடுசெய்யாவிடில் இரத்தத்தின் அளவு சுருங்குகிறது, இதயம் விரைகிறது, உடல்வெப்பம் ஏறுகிறது.

1965இல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர்களுள் ஒருவர், ஆட்டத்துக்குப் பிறகு வீரர்கள் ஏன் சிறுநீர் கழிப்பதில்லை என்று மருத்துவர் ராபர்ட் கேடிடம் கேட்டார். எளிய கேள்வி. இழந்த நீர் அனைத்தும் வியர்வையாகவே போய்விட்டது என்பது அதன் விடை. நீர், உப்பு, சர்க்கரை கலந்து கேட் தயாரித்த பானம், அவர் மனைவியின் யோசனையால் எலுமிச்சைச் சாறும் சேர்ந்து, ‘கேட்டரேட்’ என்னும் பெயரில் உலகெங்கும் விற்பனையாயிற்று. 1969இல் தென்னாப்பிரிக்காவின் விண்டமும் ஸ்ட்ரைடமும் மாரத்தான் ஓட்டத்தில் போதிய நீர் அருந்தாமையின் ஆபத்தைத் தலைப்பிலேயே சுட்டி ஒரு கட்டுரை எழுதினர். தங்கச் சுரங்கங்களின் வெக்கையில் உழைத்த தொழிலாளர்களின் உடல்களை ஆராய்ந்து வந்தவர்கள் அவர்கள். 1970களின் இறுதியில் தடகள விதிகளும் தளர்ந்தன. நீர் எதிரியல்ல என்பதை ஏற்க விளையாட்டுலகுக்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு தேவைப்பட்டிருக்கிறது.

*

இப்பொழுது கண்டுபிடிப்பாளர் வரலாம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா ஃபால்ஸ் என்று ஓர் ஊர். அவ்வூரின் நூற்றாண்டை ஒட்டி 1982இல் ஒரு மிதிவண்டிப் பயணம் தொடங்கப்பட்டது. நூறு ஆண்டுக்கு நூறு மைல், அதுவும் நூறு டிகிரி ஃபாரன்ஹீட் கொதிக்கும் ஆகஸ்ட் மாதத்தில். நரகத்தை விடச் சூடானது என்று பெயரிலேயே பெருமை பேசும் பந்தயம். 1980களின் இறுதியில் அதில் கலந்துகொண்ட மைக்கேல் ஐட்சன், அவசர மருத்துவ ஊர்தியில் பணியாற்றியவர். நெருக்கமாகச் செல்லும் வண்டிக் கூட்டத்தில் கைப்பிடியை விட்டுக் கையெடுத்துக் குடுவையை எடுப்பதும், குடித்துவிட்டு அதன் கூட்டில் மீண்டும் செருகுவதும் இடர் நிறைந்தவை. அந்த இடருக்கு அஞ்சியே பலர் தாகத்தைத் தள்ளிப்போடுவர்.

ஐட்சன் தம் தொழிற்கூடத்திலிருந்தே விடையை எடுத்தார். நோயாளிகளுக்கு நரம்பில் திரவம் ஏற்றும் பை ஒன்றில் நீரை நிரப்பினார். அதை ஒரு நீண்ட காலுறைக்குள் நுழைத்துத் தம் சட்டையின் முதுகில் பொருத்தினார். மெல்லிய குழாயைத் தோளுக்கு மேலாக முன்னே கொண்டுவந்து, துணி காயப்போடும் கிளிப்பால் நுனியைக் கவ்வவிட்டார். உடன்சென்றோர் சிரித்தார்கள், அவர் கையெடுக்காமலே குடித்துக்கொண்டு சென்றார். 1989இல் ‘கேமல்பேக்’ நிறுவனம் பிறந்தது. ஒட்டகத்தின் முதுகு என்பதை நினைவூட்டும் பெயர். ஒட்டகத்தின் திமிலில் இருப்பது கொழுப்பே அன்றி நீரன்று என்பதைப் பற்றிப் பெயர் வைத்தவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இக்கருவியின் நுட்பம் பையில் இல்லை, குழாயின் முனையில் இருக்கிறது. காலுறைக்கும் கிளிப்புக்கும் பதிலாக வந்தவை உறுதியான பாலியூரித்தேன் பையும், பல்லால் மெல்லக் கடித்தால் திறந்து விட்டால் மூடிக்கொள்ளும் அடைப்பிதழும். குழந்தை பால் குடிப்பதைப் போன்ற செயல் அது. நீர் வாய்க்கு அரை அடி தூரத்தில் எந்நேரமும் காத்திருப்பதால் மனிதன் சிறுசிறு மிடறுகளாக, அடிக்கடி குடிக்கிறான். 2001க்குப் பின் ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் போரிட்ட அமெரிக்கப் படைவீரர்களின் முதுகில் இப்பை இயல்பான காட்சியாயிற்று. அடால்ஃபின் பாலைவன ஆய்வு அரை நூற்றாண்டு கழித்து ஒரு பையாக உருவெடுத்துப் படைகளிடமே திரும்பிச் சென்றது எனலாம்.

குறைகளும் உண்டு. இரண்டு லிட்டர் நீர் இரண்டு கிலோ சுமை. முதுகை ஒட்டிய பை அவ்விடத்தின் வியர்வை உலர்வதைத் தடுக்கும். குழாயில் தேங்கிய முதல் மிடறு வெயிலில் வெந்நீராகும். சரியாகக் கழுவி உலர்த்தாத பைக்குள் பூஞ்சை படரும். எவ்வளவு குடித்தோம், எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. எனவே ஓட்டக்காரர்கள் பலர் சிறு குப்பிகள் கோத்த இடுப்புக் கச்சைக்கும், பின்னர் மார்பில் பொருந்தும் கையில்லாச் சட்டைக்கும் மாறினர். அதன் முன்பைகளில் இருக்கும் மென்குப்பி நீர் குறையக் குறையத் தானும் சுருங்கும். உள்ளே நீர் தளும்பி ஒலிக்காது.

*

வரலாறு இத்துடன் நிறைவெய்தினால் இது ஒரு வெற்றிக்கதை. ஆனால் அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற விளம்பரத் தொடர் ‘நீர் அருந்து, அல்லது செத்துப்போ’ என்னும் பொருள்பட அமைந்தது. 1990களின் பொதுமனநிலையை அந்த ஒரு தொடர் சொல்லிவிடுகிறது. குடிக்காதே என்ற கட்டளை போய், குடித்துக்கொண்டே இரு என்ற கட்டளை வந்துவிட்டது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1996இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வியர்வையில் இழப்பதற்கு ஈடாக, அல்லது உடல் தாங்கக்கூடிய அளவுக்கு, மணிக்கு 600 முதல் 1200 மில்லிலிட்டர் வரை அருந்தலாம் என்றது. தாகம் எழும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்பது எங்கும் ஒலித்த மந்திரம்.

அதன் விலை தென்னாப்பிரிக்காவில் முன்பே தெரிந்திருந்தது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடவேண்டிய காம்ரேட்ஸ் ஓட்டத்தில், 1981இல் ஒரு பெண் நினைவிழந்து விழுந்தார். அவர் உடலில் நீர் குறையவில்லை, மிகுந்திருந்தது. அளவுக்கு மிஞ்சிய நீர் இரத்தத்தின் சோடியத்தை நீர்க்கச் செய்து, மூளையை வீங்கச் செய்துவிட்டது. டிம் நோக்ஸ் என்னும் மருத்துவர் இத்தகைய நிகழ்வுகளை 1985இல் பதிவு செய்தார். பெரும்பான்மையோர் பொருட்படுத்தவில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓர் இளம்பெண் இதே காரணத்தால் உயிரிழந்தார். அதே ஓட்டத்தில் 488 பேரின் இரத்தத்தை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வு, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்ததையும், 0.6 விழுக்காட்டினருக்கு அது உயிருக்கு ஆபத்தான அளவில் இருந்ததையும் காட்டியது. ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுமே பெரிதும் பாதிக்கப்பட்டனர். மெல்ல ஓடுபவர் குறைவாக வியர்க்கிறார். ஒவ்வொரு பந்தலிலும் நின்று குடிக்க அவருக்கு நேரமும் இருக்கிறது.

நீர்ப்பை இம்மரணங்களுக்குக் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. குற்றம் கருவியில் இல்லை, கட்டளையில் இருந்தது. அக்கட்டளைக்குப் பின்னால் பானம் விற்போரின் நலனும் இருந்ததா என்ற வினாவை, 2012இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் விரிவாக எழுப்பியது. அதற்கு முன்பே, 2007இல், அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி தன் வழிகாட்டுதலைத் திருத்தி, மிகையாகக் குடிப்பதைத் தவிர்க்கச் சொல்லியிருந்தது. 2015இல் கூடிய சர்வதேச வல்லுநர் குழு, தாகம் எடுத்தால் குடிப்பதே பாதுகாப்பான வழி என்று முடிவுரைத்தது. நூற்றுப்பத்து ஆண்டுகள் சுற்றிவந்து அறிவியல் சேர்ந்த இடம் தொண்டைதான்.

*

ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்க் சிகரத்தைச் சுற்றி 2003 முதல் நடைபெறும் நெடுந்தொலைவு மலையோட்டத்தின் விதிகள் இவ்விடத்தில் பார்க்கத்தக்கவை. ஓடுபவர் ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு லிட்டர் நீர் கொள்ளும் கலனையும், தமக்கென ஒரு குவளையையும் சுமந்தே தீரவேண்டும். 1953இல் தடைசெய்யப்பட்டது இங்கே கட்டாயமாகியிருக்கிறது. குவளை கட்டாயமானதன் காரணம் வேறு: தூக்கியெறியும் கோப்பைகள் மலையில் குவியக் கூடாது. 2019 லண்டன் மாரத்தானில் கடற்பாசிச் சாற்றால் ஆன, உறையோடு விழுங்கத்தக்க பானக் குளிகைகளைக் கொடுத்துப் பார்த்ததும் இக்கவலையால்தான். 2021இல் மிதிவண்டிச் சம்மேளனம் குறிப்பிட்ட இடங்களுக்கு வெளியே குடுவை வீசுவதைத் தடைசெய்தது. அவ்வாண்டு பிளாண்டர்ஸ் பந்தயத்தில் சுவிஸ் வீரர் மிக்கேல் ஷேர், வழியோரம் நின்ற ரசிகர்களிடம் காலிக் குடுவையை எறிந்ததற்காக விலக்கப்பட்டார். சிறுவனாக இருந்தபோது ஒரு வீரரின் குடுவை தமக்குக் கிடைத்ததே தம்மை இத்துறைக்கு இழுத்து வந்தது என்று அவர் எழுதிய கடிதம் பலரை உருக்கியது. விதியும் சில நாட்களில் தளர்த்தப்பட்டது.

தாகம் உடலின் மிகப் பழைய அறிவு. அதை நம்பாதவர்கள் இரு வகையினர்: அடக்கச் சொன்னவர்களும், முந்திக்கொள்ளச் சொன்னவர்களும். இருவருமே உடலின் சொந்தக்காரனைக் கேட்கவில்லை. முதுகில் ஏறிய தண்ணீரின் பெரும்பயன், கேட்கும்போது கிடைக்கும் தூரத்தில் நீரைக் கொண்டுவந்து வைத்தது. எப்போது கேட்பது என்பதைப் பை சொல்லாது. பாலைவழியில் வந்த அந்த அந்தணர்கள் எத்தனை நாழிகைக்கு ஒருமுறை கரகத்தைச் சாய்த்தார்கள் என்று கலித்தொகை கணக்குச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.